கேமராவுக்கு வைத்த பொட்டு

ஊசி வழுக்கியது. விரல் நுனியில் ரத்தம்.

அதைப் பார்க்க நேரமில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தினாள்.

மணி பத்து ஐம்பத்தொன்று.

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் கோட்டு போட்டவர். இன்னொன்றில் கண்ணாடி அணிந்த பெண்மணி. மூன்றாவது அவளுடையது.

கறுப்பு.

முகம் தெரிந்தால்தான் இன்டர்வியூ. பதினொன்று வரை பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். போனில் அந்த லிங்க் திறக்காது.

லேப்டாப் வாங்கி மூன்றே நாள். கணவன்தான் வாங்கிக் கொடுத்தான். தெருவுக்கே தெரியும்படி வாங்கிக் கொடுத்தான்.

திரையின் மேல் விளிம்பில் கேமரா. அதை மூடித் திறக்க நகக்கண் அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி. நேற்று மாலை விரல் பட்டதுமே நகர்ந்தது. முகம் பளிச்சென்று தெரிந்தது. நிம்மதியாக மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

இன்று அசைய மாட்டேன் என்கிறது.

மூடியின் மேல் காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

காலையில் அத்தை வைத்தது. வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அத்தைக்குப் பொட்டு வைத்தாக வேண்டும். மிக்ஸிக்கு வைத்தார். வாஷிங் மெஷினுக்கு வைத்தார். இன்று லேப்டாப்பைத் திறந்து, இதற்கு நெற்றி எது என்று தேடி, சரியாக அங்கேயே வைத்துவிட்டார்.

மேஜை மேல் என்னென்னவோ கிடந்தன. ஊக்கு, காது குடையும் பஞ்சுக் குச்சி, செருப்பு வார் அறுந்துவிட்டதென்று காலையில் அவன் வாங்கி வந்த பசை டியூப், நகவெட்டி. எதை எடுத்து நெம்பினாலும் மூடி நகரவில்லை.

"உன்னை யாரும்மா இதுக்கெல்லாம் சந்தனம் வைக்கச் சொன்னது?" அவன் தன் அம்மாவிடம் கத்தினான். "ஏழு வருஷம் கழிச்சு வேலைக்குக் கிளம்புறா. கெடுத்தியே!"

இன்றைக்கென்றே லீவு போட்டிருந்தான். துணைக்கு.

அத்தை சமையலறை வாசலில் நின்றார். கையில் கேசரிக் கிண்ணம்.

"நல்லது நடக்கணும்னுதாண்டா வெச்சேன்..."

பத்து ஐம்பத்தெட்டு.

நகம் உடைந்தது.

மண்டல மேலாளர் பதவி. இரண்டு சுற்று தேறி வந்திருக்கிறாள். இரண்டாவது சுற்று முடிந்த அன்று அவன் சொன்னான். "எங்க ஆபீஸ் கணக்குல பார்த்தா என் சீட்டுக்கு ரெண்டு படி மேல அது. இனிமே வீட்லயும் மேடம்தானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

பதினொன்று.

கோட்டு போட்டவர் மணிக்கட்டைப் பார்த்தார். மன்னிக்கச் சொன்னார். அடுத்தவர் காத்திருக்கிறார் என்றார்.

மூன்று கட்டங்களும் மறைந்தன.

"விடும்மா. வேற வேலை வராமலா போயிடும்?" அவன் அவள் தோளைத் தட்டினான்.

அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க சாமிக்கு இப்ப திருப்திதானே அத்தை?"

அத்தை கிண்ணத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். பூஜை அலமாரி சாத்தப்படும் சத்தம் கேட்டது.

*

மதியம் இரண்டரை. சர்வீஸ் கடை.

தனியாகத்தான் வந்தாள். நானும் வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. ஒரு வாரம் போகட்டுமே என்றுதான் சொன்னான்.

கடையில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்தாள்.

சந்தனம் வந்துவிட்டது.

மூடி வரவில்லை.

இன்னும் குனிந்து பார்த்தாள். மெல்லிய பிளேடை எடுத்தாள். ஏதோ வெள்ளையாகச் செதில் செதிலாக உதிர்ந்தது.

"சந்தனத்தைத் திட்டாதீங்க மேடம். அது பாவம், மேலதான் இருந்துச்சு."

"பின்னே?"

"அடியில பசை."

"சிந்தியிருக்குமோ?"

"சிந்தினா ஒரு சொட்டு விழும். இது மூடியைச் சுத்தி நாலு பக்கமும் கோடு போட்ட மாதிரி ஓடுது." பிளேடைத் துடைத்தாள். "வாரன்டியில வராது மேடம். இது கம்பெனி பண்ண தப்பு இல்ல."

டக்கென்று மூடி நகர்ந்தது.

திரையில் ஒரு முகம் தெரிந்தது. பளிச்சென்று.

காலையில் தெரிய வேண்டிய முகம்.

*

ஆட்டோவில் வழி நெடுக அத்தையின் கேசரிக் கிண்ணம்தான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு உள்ளிருந்து அவன் குரல் கொடுத்தான்.

"என்னம்மா சொன்னாங்க? சந்தனம்தானே?"

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சுவரோரம் அவனுடைய செருப்பு.

எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

வார் அறுந்தபடியே தொங்கியது. அதில் ஒரு சொட்டுப் பசைகூடப் படவில்லை.