வரிசை நகர்ந்த கதை

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தமாச் சொல்ற கதை இல்லை.

குளிர் நாட்டில் ஒரு பெரிய பண்ணை. அங்கே எல்லாமே எல்லாருக்கும் பொது. மணி அடித்தால் கோழியும் வாத்தும் வரிசையில் நிற்கும், ஆளுக்கு ஒரு பிடி தானியம் விழும். ஒருநாள் ஒலிபெருக்கி, "பண்ணை கலைஞ்சாச்சு, இனி அவரவர் பாடு" என்றது. காவல்காரர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வரிசை மட்டும் கலையவில்லை. காலித் தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றது. குஞ்சுகள் பசியில் சுருண்டன.

ஒரு வாத்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தது. "மாமா, மேட்டுக்கு அந்தாண்ட கோதுமை அறுக்காம கிடக்கு!"

"மணியே அடிக்கல, அதுக்குள்ள என்ன சாப்பாடு? நகர்ந்தா இடம் போயிடும் தாயி" என்றது கிழட்டுச் சேவல்.

வாத்து திரும்பி, கதவைப் பார்த்து அசையாமல் நின்றுகொண்டது.

சேவல் எட்டிப் பார்த்தது. "அங்க என்ன தர்றாங்க?"

"தெரியல மாமா. முந்தினவங்களுக்குத்தானாம்."

அவ்வளவுதான், சேவல் முந்திக்கொள்ள, அடித்துப்பிடித்துப் பண்ணையே வாத்தின் பின்னால் நின்றது. வாத்து ஓரடி வைத்தது, வரிசையும் ஓரடி வைத்தது. இப்படியே கதவைத் தாண்டி மேடும் ஏறியாயிற்று. அந்தப் பக்கம், வானத்தைத் தொடும்வரை மஞ்சளாக அலையடித்தது கோதுமை. இரண்டாம் தடவை பார்க்கிற வாத்துக்கே மூச்சு நின்றுபோனது.

சேவலுக்கு வாத்தின் வால்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து முன்னால் நிற்பவரின் வாலைத் தவிர அது வேறெதையும் பார்த்ததில்லை.

"நம்ம முறை வந்துடுச்சா தாயி?"

"வந்துடுச்சு மாமா" என்று வாத்து ஒதுங்கி வழிவிட்டது.