மூடியில் ஒரு துளை

ஆறாம் வகுப்பு வாசலில் மதுஸ்ரீயின் அம்மா நின்றாள்.

கையில் குறுக்கே வெட்டிய ஒரு தண்ணீர் பாட்டில்.

உள்ளே எல்லா மேஜையிலும் அதே மாதிரி பாட்டில்கள். ஜெபசீலி டீச்சர் ஜக்கோடு ஒவ்வொரு மேஜையாகப் போய்க்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்ததும் ஜக்கைக் கீழே வைத்தார்.

போன மாதம் அவள் வீட்டுக்கு வந்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்.

"இன்னைக்குத்தான் தண்ணிக் கடிகாரம் செய்றீங்கன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லுச்சு டீச்சர். மது வெட்டி வச்சிருந்தா. தூக்கிப் போட மனசு வரல."

டீச்சர் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

ஜன்னலோரம் மதுஸ்ரீ உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. பக்கத்தில் இருந்த நஸ்ரின் தன் பையை நகர்த்தினாள்.

அந்தச் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க அம்மா உட்கார்ந்தாள்.

பாட்டிலின் மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் பொருத்தினாள். வீட்டில் மகள் அப்படித்தான் வைத்துக் காட்டியிருந்தாள். மூடியில் இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் சொட்டும். நிமிடத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். அப்புறம் கோட்டைப் பார்த்தே நேரம் சொல்லலாம்மா, என்றிருந்தாள்.

"நீங்களே ஊத்துங்க," என்றார் டீச்சர்.

ஊற்றினாள். பாதி மேஜையில் சிந்தியது. நஸ்ரின் துப்பட்டா முனையால் துடைத்தாள்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கோடு போட்டார்கள். மற்ற பாட்டில்களில் தண்ணீர் சடசடவென்று இறங்கியது.

மதுவின் பாட்டிலில் ஒரு சொட்டு விழுந்தது.

வெகுநேரம் கழித்து இன்னொன்று.

நஸ்ரின் அதில் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஏனென்று அம்மாவுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மது அடுப்பில் ஊசியைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முனை மூடிக்குள் இறங்கும்போதே இவள் பிடுங்கிவிட்டாள். கையைச் சுட்டுக்குவ, அப்புறமா நான் பெருசாப் போட்டுத் தாரேன்.

சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை இல்லை.

மற்ற பாட்டில்கள் காலியாயின. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து இந்த மேஜையைச் சுற்றி நின்றார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை.

பெல் அடித்தது.

கணக்கு சார் வாசலுக்கு வந்தார். டீச்சர் போய் அவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவர் சாக்பீஸ் டப்பாவோடு வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

தண்ணீர் பாதிகூட இறங்கியிருக்கவில்லை.

நஸ்ரின் பெட்டியைத் திறந்து காம்பஸை எடுத்தாள்.

"ஆன்ட்டி, ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கட்டுமா? இப்படியே விட்டா ரொம்ப நேரமாகும்."

அவள் இரண்டு கைகளாலும் பாட்டிலை அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. மெதுவாவே போகட்டும்."

நஸ்ரின் அவள் முகத்தைப் பார்த்தாள். காம்பஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு, அடுத்த கோடு போட ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.