உச்சியில் விட்ட பூ

"பாம்பா? எம் புருஷன் காலத்துல இருந்து அதே பாம்பா?" என்றாள் எலெங்கோ.

"அதோட பிள்ளையா இருக்கும்மா," என்றான் அறுப்புக் கூலியாள் பெஸ்னிக்.

அறுப்பு முடிந்த அன்று. மலைச்சரிவு முழுக்க ஓரிகனோ மூலிகைச் செடியை அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொட்டகை நிழலில் தொங்கவிட்டாயிற்று. உச்சியில் மட்டும் ஒரு திட்டு, இரண்டு முற்றம் அகலத்துக்கு, வெள்ளைப் பூவோடு அப்படியே நின்றது. வருஷா வருஷம் அப்படித்தான் விடுவான். கேட்டால் பாம்பு.

எலெங்கோவுக்கு முட்டி வலி. புருஷன் லினார்தோஸ் போன இந்த ஆறு வருஷத்தில் அவள் மேலே ஏறினதே இல்லை. இந்தத் தடவை சாப்பாட்டுக்கடை தனாசிஸை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள்.

தனாசிஸ் மூச்சு வாங்க இறங்கி வந்தான்.

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல அக்கா. முழங்கால் உசரத்துக்கு ஓரிகனோ. இருக்கறதுலயே நல்ல சரக்கு அதுதான். என் கடையில சுட்ட கறிமேல தூவினா ஊரே வாசலுக்கு வந்துடும்."

"அப்புறம் எதுக்குடா விட்டு வைக்கிறான்?"

"எதுக்கா? நீ அந்தப் பக்கம் திரும்பினதும் அறுத்துக்கிட்டுப் போய் சந்தையில வித்துடுவான். அல்பேனியாக்காரன்தானே? நம்மூர்ல இருபது வருஷம் இருந்துட்டா நம்ம ஆளாயிடுவானா?"

பெஸ்னிக் காதில் விழத்தான் சொன்னான்.

எலெங்கோ பெஸ்னிக்கைப் பார்த்தாள். "என்னடா, வாயில கொழுக்கட்டையா? பதில் சொல்லு."

"திருடலம்மா."

"பின்னே?"

அவன் அரிவாளைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அடுத்த வருஷத்துல இருந்து நீ வர வேணாம். தனாசிஸ் ஆள் கொண்டு வருவான்."

"சரிம்மா. ஆனா அந்த உச்சியை மட்டும்..."

"நாளைக்கே அறுக்கச் சொல்றேன். நீ கிளம்பு."

"செப்டம்பர்ல தேன்பெட்டி தூக்கணுமே?"

"அதுக்கும் ஆள் இருக்கு."

பெஸ்னிக் போனான். மறுநாள் தனாசிஸின் ஆட்கள் உச்சியை மொட்டையடித்தார்கள். ஒரு பூ மிச்சமில்லை. எலெங்கோ முற்றத்தில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷம் ஏமாந்தோமே என்றிருந்தது.

தேன்பெட்டி என்றானே, அது எலெங்கோவின் பெருமை. ஓரிகனோ அறுப்பு முடிந்துவிட்டால் மலையில் பூ கிடையாது. ஊரில் தேனீ வைத்திருக்கிற மற்றவர்கள் பெட்டிகளை லாரியில் ஏற்றி, பட்டையில் இனிப்பு கசிகிற பைன் மரக் காட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். லினார்தோஸ் வைத்துவிட்டுப் போன எட்டுப் பெட்டிகளும் கொல்லையை விட்டு நகர்ந்ததில்லை. ஆனாலும் தேன் வழியும். ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு ஆம்பிளை வேண்டும்.

"எல்லாம் அவ கிருபை," என்பாள் எலெங்கோ. முதல் பெட்டியின் மேல் மாதா படம் ஒட்டியிருந்தாள்.

செப்டம்பரில் சிலுவைத் திருநாள் வந்தது. குளிர்காற்று படாமல் பெட்டிகளைச் சுவரோரம் நகர்த்துகிற நாள். எலெங்கோவுக்கு இருமல். உச்சியில் அறுத்த ஓரிகனோவைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டே கொல்லைக்கு வந்தாள். தனாசிஸ் சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு குனிந்தான்.

"இன்னொரு ஆளைக் கூப்பிடுடா. இடுப்பு போயிடும்."

"இரு அக்கா, அசைச்சுப் பாக்குறேன்..."

பெட்டி ஒரே கையில் மேலே வந்தது.

தனாசிஸ் மூடியைத் திறந்தான். காய்ந்த கூடு. அடியில் கைப்பிடியளவு தேனீ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதில் அதுவும் இல்லை.

"இதுக்கு ஆகாரமே இல்லக்கா," என்றவன் அண்ணாந்து உச்சியைப் பார்த்தான். எலெங்கோவும் பார்த்தாள். மொட்டை மேடு.

வேலிப்பக்கம் செருப்புச் சத்தம். பெஸ்னிக், கையில் ஒரு கேனோடு நின்றான்.

"என்னடா அது?"

"சர்க்கரைப் பாகும்மா. பட்டினி கிடக்குமேன்னு கொண்டாந்தேன். இப்ப ஊத்தினா பாதியாவது குளிரைத் தாண்டிடும்."

தனாசிஸ் மெதுவாக நகர்ந்து அவனுக்கு வழிவிட்டான்.

எலெங்கோவுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"தேனீப் பூச்சிக்காகத்தான் விடறேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடா? பாம்பாம் பாம்பு!"

"பாம்புன்னு ஐயாதான் சொல்லச் சொன்னாரும்மா. பூச்சிக்குன்னா நீங்க விட மாட்டீங்க, வேரோட அறுக்கச் சொல்லுவீங்களாம். பாம்புன்னாதான் ஏறி வர மாட்டீங்கன்னாரு."

தனாசிஸுக்குச் சிரிப்பு வந்தது. எலெங்கோ பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

"சரி, அவர்தான் போயிட்டாரே. அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? திருடன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

பெஸ்னிக் பெட்டிக்குள் பாகை ஊற்றினான். சிந்தாமல் ஊற்றிவிட்டு, மூடி மேல் இருந்த படத்தைத் துணியால் துடைத்து மூடினான்.

"ஐயா தவறின வருஷமே சொல்லலாம்னுதான் வந்தேன். அன்னைக்கு நீங்க ஒரு போத்தல் தேனை என் கையில குடுத்து, 'என்னை மாதா கைவிடலடா பெஸ்னிக்'னு அழுதீங்க. சரி, அந்தப் பேரு அவங்களுக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."