செவலையின் கயிறு

இப்போதெல்லாம் காப்பகத்துக்கு நாய் கேட்டு வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்களைவிட அதிகம் கேட்கிறார்கள்.

முடி கொட்டுமா. ராத்திரி குரைக்குமா. லிஃப்ட்டில் சும்மா நிற்குமா.

இன்றைக்குச் செவலையைக் கேட்டு வந்த இவளும் கேட்டாள்.

"கடிக்குமுங்களாய்யா?"

"கடிக்கத் தெரிஞ்சிருந்தா எவனாச்சும் வெச்சிருப்பானுங்க."

சிரித்தாள். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை.

அதற்குள் செவலை அவள் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. யார் வந்தாலும் அப்படித்தான்.

மூன்று வீடு பார்த்த நாய்.

முதல் வீட்டில் மோட்டார் திருட்டுப் போனது. திருடனுக்கும் வாலாட்டியிருக்கிறது. கொண்டுவந்து விட்டார்கள்.

இரண்டாவது வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள். நாய் ஆகாது என்றார்கள்.

மூன்றாவது வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் எங்கள் கேட்டில் கட்டியிருந்தது. அன்றைக்கு மழை.

பதினோரு நாள் சோற்றைத் தொடவில்லை. வயசும் ஆகிவிட்டது. இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

மூன்று தடவையும் நாயை மட்டும்தான் கொடுத்தேன். கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டேன். சந்தையில் மாடு விற்றாலும் அதுதான் முறை. கயிறும் போனால் தொழுவம் காலியாகிவிடும் என்பார் அப்பன்.

காப்பகம் நடத்தும் வசுமதியம்மா போன தடவை கேட்டார்.

"கயித்த நீங்க உடாம புடிச்சுக்கிட்டா, அது எங்கீங்க பெரியவரே போகும்?"

கேலிதான். ஆனாலும் அந்தப் பேச்சு உள்ளே கிடந்து அறுத்தது.

இவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். சாகும்வரைக்கும் வைத்துக் காப்பாற்றுவேன் என்று அதில் இருக்கிறதாம். முன்னால் வந்த மூன்று பேரும் போட்டதுதான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அவர்களெல்லாம் படித்தவர்கள்.

பையிலிருந்து கழுத்துப் பட்டை எடுத்தாள். சிவப்பு. புதுசு.

செவலையின் கழுத்துக்கு எட்டவில்லை.

"நாளைக்குப் பெருசா வாங்கிக்கிறேனுங்க."

நாளைக்கு என்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கயிற்று முடிச்சில் கை வைத்தேன்.

செவலை என் மணிக்கட்டை நக்கியது.

அவிழ்க்கவில்லை.

கயிற்றோடு அவள் கையில் கொடுத்தேன். மாட்டுக் கயிறு பிடித்த நாளிலிருந்து அறுபது வருசத்தில் முதல் தடவை.

செவலை திரும்பிப் பார்க்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே போனது. மூன்று தடவையும் அப்படித்தான் போனது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது நான் சாமான் அறைக்கு வந்துவிட்டேன்.

ஆணியில் புதுக் கயிற்றுச் சுருள். நாலு முழம் அறுத்தேன்.

செவலை கிடந்த இடத்துக்கு நடந்துகொண்டே முடிச்சுப் போட்டேன்.

செவலையின் கழுத்தளவு என் கைக்குத் தெரியும்.