வீரையாவின் பெண்டாட்டி

ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் மருதம்மாளுக்குக் கால் பின்னிக்கொண்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜப்பான் துரை தலையை நிமிர்த்தாமலே பென்சிலால் என்னவோ கிறுக்கினான்.

போச்சு. பாட்டில் சுருதி போயிற்று, தப்பில் தாளம் போயிற்று, இப்போது ஆட்டமும் போச்சு. மிச்சம் இருப்பது நடிப்பு ஒன்றுதான்.

வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு ஒரு மனுஷி எத்தனை வித்தைதான் காட்டுவாள்?

மூன்று மாதமாக இதே பாடு. காலையில் கிழங்குக் காட்டில் மண்வெட்டி, மத்தியானம் திகாம் பத்து என்கிற ஊரில், சடக்கு ரோட்டோரத்தில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் பயிற்சி. ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் ஆடுவதற்கு ஜப்பான்காரன் ஒரு நாடகப் படை கட்டிக்கொண்டிருந்தான். கோயில் திருவிழாவில் மேடை ஏறிப் பழகியவர்களைத்தான் சேர்த்தான். லாரி கொள்வது ஆறே பேர். அதனால் பாடுகிறவளே ஆட வேண்டும், ஆடுகிறவளே தப்படிக்க வேண்டும், அரிதாரம் பூசி நடிக்கவும் அவளேதான்.

மருதம்மாள் கும்மிக்கு முதலடி எடுத்துக் கொடுப்பவள். ஆனாலும் மேடை ஆசையில் அவள் இங்கே வரவில்லை. தேறினால் வீட்டு ஆம்பளை ஒருத்தன் பெயரைச் சயாம் லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அவள் புருஷன் பெயர் அதில் இருந்தது. வியாழக்கிழமை ரயில். சயாமுக்குத் தண்டவாளம் போடப் போன அவள் தோட்டத்து ஆட்களில் ஒருத்தர்கூட இன்னும் திரும்பவில்லை.

அந்த லிஸ்டும் துரையின் மேசைமேல்தான் கிடந்தது.

கடைசிப் பரீட்சை ஒப்பாரி. நாடகத்தில் வெள்ளைக்காரன் சுட்டுக் கொன்ற வீரையாவுக்கு அவன் பெண்டாட்டி அழ வேண்டும்.

ஒத்திகையில் எல்லாம் நெற்றிக்கு முன்னால் கையை ஒரு வீசு வீசிப் பொட்டை அழித்த மாதிரி பாவனை காட்டிவிடுவாள். கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எந்தப் பொம்பளைதான் பொட்டை அழிப்பாள்?

"இன்னைக்கு அந்தப் பாச்சா பலிக்காது. அழிச்சிரும்மா, வேஷந்தானே" என்றார் சில்வெஸ்டர் வாத்தியார். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர். இங்கே ஆர்மோனியமும் அவர்தான், துரைக்குத் தமிழை ஜப்பான் பேச்சில் சொல்கிறவரும் அவர்தான்.

அழித்தாள். உள்ளங்கை சிவந்தது. தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, என் ராசா..."

குரல் எழும்பவில்லை. அலுப்பு. எழுந்து போய் எங்கேயாவது படுத்துவிட்டால் போதும் என்றிருந்தது. வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

"என்னை விட்டுட்டுப் போனியே... ராமையா!"

வீரையா என்றல்லவா வரவேண்டும்!

வாத்தியாரின் விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷன் பெயரை அவள் வாய் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. பேர் பதிகிற தோட்டத்துக் கிராணி கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைக் கிள்ளிச் சொல்லச் சொல்வாள். கடைசியில் அதைப் போய்ச் சாவுப் பாட்டிலா சொல்லித் தொலைப்பாள்? பாவி, பாவி!

அதற்குமேல் எங்கே நடிப்பது? பாட்டு மறந்துபோனது. மாரில் அடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, ஓவென்று அழுதாள்.

துரை லிஸ்டில் விரலை ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. "ராமையா?" என்று வாத்தியாரைக் கேட்டான். அப்புறம் ஜப்பான் பேச்சில் என்னவோ நீளமாகக் கேட்டான்.

வாத்தியார் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"ஹை" என்றார்.

துரை சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். பக்கத்திலிருந்த மார்க்குத் தாளிலும் ஒன்று இழுத்துவிட்டு, போ என்று கையை வீசினான்.

வாத்தியார் வாசல்வரை கூடவே வந்தார். குரலை இறக்கிப் பேசினார்.

"தேறலம்மா. நெசமா அழுதா அது நடிப்பு இல்லையாம், மார்க்கு கிடையாதாம்."

அவள் திரும்பி நடக்கப் போனாள். அவர் விடாமல் சொன்னார்.

"இரு, கேளு. புருஷன் செத்துட்டானான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். செத்தவன் பேரு எதுக்குன்னு சயாம் லிஸ்ட்ல அடிச்சிட்டான். உன் வீட்டுக்காரரு இனி போகவேணாம். ஆனா இவனுங்க இருக்கிற வரைக்கும் நீ பொட்டு வைக்கக் கூடாது. புரியுதாம்மா?"

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டுக்குமே அவள் உடம்பில் தெம்பு இல்லை.

வெளியே வெயில். கேட்டில் துப்பாக்கிச் சிப்பாய். துரையும் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சன்னலுக்கு வந்துவிட்டான்.

சடக்குக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் சைக்கிளோடு காலையிலிருந்து ஒருத்தர் காத்திருந்தார். அவளை அங்கே ஏற்றிவந்தவர். அவளைக் கண்டதும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். நெற்றியைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"என்னா புள்ள இது? பொட்டு எங்க?" என்று அவள் கையைப் பிடித்தார் ராமையா.

சன்னலில் துரை சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். மூன்று மாதத்தில் அவன் பொறுக்கிய தமிழ் நாலே வார்த்தை. அதில் 'அண்ணே' ஒன்று.

மருதம்மாள் கையை உதறினாள். சன்னல்வரை கேட்கும்படி சொன்னாள்.

"யாரு நீங்க? வழிய விடுங்கண்ணே!"

ராமையா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார்.