சாம்பல் நீலம்

ஊட்டிக்குப் பக்கத்தில், எமரால்டு ஊருக்குப் போகும் சாலையோர நர்சரியின் பின்புறம், கொத்திப் போட்ட நாற்றுகளின் குவியல்மேல் காலை வெயில் மெல்ல ஏறுகிறது. ஈரம் ஆவியாகப் புகைகிறது. சாதியா குப்பைக்கூடையைக் கொட்டாமல் நிற்கிறாள். வாடிக் கிடக்கும் பெட்டூனியாச் செடிகளுக்கு நடுவே ஒரு மொட்டு விரிந்திருக்கிறது. மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நீலம். வெள்ளைப் பூவில் ஊதாப் பூவின் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, வருஷக்கணக்கில் அவளும் கணவன் சலாஹுதீனும் தேடிய நிறம். "ஏனுங்க, இங்க வாங்க." அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து குனிகிறான். சீசனுக்கு விற்கிற செடிக்குப் பாத்தி வேண்டும், மற்றதெல்லாம் பூத்த பிறகும் பூக்காதது இனி எதற்கு என்று திங்கட்கிழமை இவற்றைக் கொத்தி எறிந்தவன் அவன்தான். "ஒரு வாரம் பொறுங்கன்னு சொன்னனுங்களே" என்கிறாள் சாதியா, கோபமில்லாமல். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அவன் செடியைத் தூக்குகிறான். மண்வெட்டி பட்டு வேர் முழுதும் அறுந்திருக்கிறது. தண்டின் அடி அழுகி, விரலில் கூழாக ஒட்டுகிறது. மிச்சமிருந்த ஈரத்தில்தான் பூ விரிந்திருக்கிறது. உள்ளே மகரந்தம் கறுத்துச் சுருங்கிக் கிடக்கிறது; விதைக்கும் வழியில்லை. சாலையில் ஊட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. இதழ் நடுங்குகிறது. வேரில்லாத செடி பிழைக்காதுங்க என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன், காலிப் பாத்தியில் மண்டியிட்டு விரலால் ஒரு குழி தோண்டுகிறான். சாதியா தண்ணீர் எடுக்கப் போகிறாள்.