அபூசாலியின் வாகனக் கேள்விகள்

"மொறிஸ் மைனர் வாத்திமாருக்கெண்டு செஞ்ச கார். பொறுமை இல்லாதவன் அதுல ஏறப்படா" என்றார் பெண்ணின் வாப்பா அபூசாலி.

நான் தலையாட்டினேன். பெண் கேட்டு வந்த இடத்தில் வேறு என்ன செய்வது?

இந்த மாதிரிப் பேச்சுக்கு எங்கள் பக்கம் மாப்பிள்ளையைக் கூட்டிப் போவதில்லை. அபூசாலிதான், மாப்பிள்ளையும் வரட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்து, அவர் வீட்டு விறாந்தையில் வாப்பாவும் நானும் கதிரை நுனியில் இருந்தோம். உம்மா உள்ளே பெண்ணோடு இருந்தார்.

ஏற்கனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. "பஸ் றைவரா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்கள். றைவர் என்றால் குடிப்பானாம், வீடு தங்கமாட்டானாம். நான் சுருட்டுக்கூடப் பிடிப்பதில்லை, யாரிடம் போய்ச் சொல்ல? இதுவும் சரிவராவிட்டால் இனிப் பெண் பேச்சே வேண்டாம் என்று உம்மாவிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால், சரிவந்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அபூசாலிக்குக் கல்முனைக் கடைத்தெருவில் இடுப்பில் கட்டுகிற சாரன் விற்கும் கடை. மனிதர் சாரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணி என்னாச்சு என்று பார்க்க உள்ளே போனார், திரும்பி வந்தார்.

"இப்ப வாற ஜப்பான் வேனெல்லாம் வெறும் தகரம். ஓடச் சுகம், முட்டினா உள்ள இரிக்கிறவன் மையித்து."

ஊரே அந்த வேனுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிற காலம். நான் அதற்கும் தலையாட்டினேன்.

வெற்றிலைத் தட்டம் எடுக்க உள்ளே போனார், வந்தார்.

"தம்பி, றோட்டுல பாதிக்கு நெல்லுக் காயப்போட்டிரிக்கி. எதிர்ல லொறி வருது. என்ன செய்வீங்க?"

"நிப்பாட்டுவன்."

"ஹோன் அடிக்கமாட்டீங்களா?"

"நெல்லு எழும்பி ஓடுமா மாமா?"

வாப்பா என் தொடையில் கிள்ளினார். அபூசாலி சிரிக்கவில்லை. தட்டத்தில் வெற்றிலை நிறையவே இருந்தது, ஆனாலும் இன்னும் கொண்டுவர எழுந்து போனார்.

வந்தவுடன் கேட்டார்: "பள்ளத்துல நியூற்றல்ல விட்டு எண்ணெய் மிச்சம்புடிக்கிறவனப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற எங்கள் கரையில் பள்ளம் எங்கே இருக்கிறது? நாள் முழுக்க அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் பஸ் ஓட்டுகிறவனை உட்காரவைத்து, வீட்டு வளவில் ஒரு பழைய மொறிஸ் மைனர் நிற்கிற தைரியத்தில் சாரன் வியாபாரி பரீட்சை வைக்கிறார்!

"நானும் ஒண்டு கேக்கட்டா மாமா? கிளச்சில கால வெச்சபடியே ஓடினா முதல்ல என்ன போகும்?"

அபூசாலி என்னைப் பார்த்தார். வாசல் திரையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த வண்டியில?" என்று திரைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "பஸ்ஸெண்டா பெயரிங். மொறிஸ் மைனரெண்டா காபன் வளையம்."

காபன் வளையம் எனக்குத் தெரியாது.

வாப்பா வெற்றிலை மெல்லுவதை மறந்து போனார். அபூசாலியின் முகம் செத்துப்போயிருந்தது.

"எனக்குச் சாரனத் தவிர ஒண்டும் தெரியா மகன்" என்றார். "அந்தக் காரக் கழட்டுறதும் பூட்டுறதும் வளவுக்குள்ள ஓட்டுறதும் எங்கட மகள் றாஹிலாதான். கேள்வியெல்லாம் அவ சொல்லிவிட்டதுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு பயமும் வந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் வாய் திறந்த பெண்ணுக்கு ஊர் என்ன பேர் வைக்கும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

திரை கொஞ்சம் அசைந்தது.

"கடைசியா ஒண்டு" என்றது அதே குரல். இந்த முறை அதில் நடுக்கம் இருந்தது. "சாரதியோட கதைக்க வேண்டாம் எண்டு பஸ்ஸில எழுதியிரிக்கே, அந்தச் சட்டம் வீட்டுக்குமா?"

இவ்வளவு நேரமும் அவள் இதைக் கேட்கத்தான் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறாள். நான் மட்டும்தான் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான்.

"வீடு உங்கட" என்றேன். "சட்டத்த நீங்கதான் சொல்லணும்."

வாப்பா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

பிறகு திரைக்குள்ளிருந்து என் உம்மாவின் குரல் கேட்டது.

"கதைங்க மகள்."